கப்பலில் போன வீடுகள்: 1853இல் மெல்பர்னுக்கு எதை வாங்கிச் சென்றிருக்க வேண்டும்?

1851 ஜூலை முதல் தேதி, ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா தனிக் குடியேற்றப் பகுதியானது. அதே ஆண்டில் கிளூன்ஸ், பல்லாரட், பெண்டிகோ என்று அடுத்தடுத்து இடங்களில் தங்கம் கிடைத்தது. அப்போது அங்கே மக்கள்தொகை சுமார் 77,000. பத்தே ஆண்டில் அது ஏறத்தாழ 5,40,000 ஆகிவிட்டது. வந்து இறங்கிய அத்தனை பேருக்கும் கூரை வேண்டும். கூரை போட வேண்டிய தச்சரும் கொத்தனாரும் வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தங்க வயலுக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சிய சிலர் கேட்டதுதான் கூலி. அதனால்தான் பிரிட்டிஷ் துறைமுகங்களில் கப்பல் ஏறிய குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வீட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு போயின.

இந்த யோசனை அன்று புதிதல்ல. 1788இல் சிட்னி கடற்கரையில் இறங்கிய முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப், லண்டனில் செய்த கித்தான் வீடு ஒன்றைக் கூடவே கொண்டுவந்து நிறுத்தித்தான் குடியிருந்தார். ஆனால் பிரித்து அடுக்கி அனுப்பும் வீடு கடைச் சரக்காகி, விலைப்பட்டியலோடும் விளம்பரத்தோடும் பலவகையில் கிடைத்த காலம் என்றால் அது 1850களின் தொடக்கம்தான். மெல்பர்னுக்குப் புறப்படுகிறவர் முன்னால் உண்மையாகவே நான்கு வழிகள் இருந்தன: கித்தான் கூடாரம், லண்டன் தச்சர்கள் செய்த பலகை வீடு, நெளிதகட்டு இரும்பு வீடு, சிங்கப்பூரிலிருந்து வந்த மரவீடு.

இப்படித் துண்டுகளாக முன்கூட்டியே செய்து அனுப்பும் முன்தயாரிப்புக் கட்டடங்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரும்பின் பக்கமே சாய்கிறார்கள். இரும்பிலிருந்து எஃகு, எஃகிலிருந்து வானளாவிகள் என்று கதை நேர்கோட்டில் ஓடுவதால் அப்படிச் சொல்வது எளிது. குடும்பத்தோடு போய் இறங்கி அந்த வீட்டுக்குள் படுத்துறங்க வேண்டியவரின் இடத்திலிருந்து பார்த்தால் என் தீர்ப்பு வேறு. வசிப்பதற்கு மரம், சரக்கு வைப்பதற்கு இரும்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விலைப்பட்டியலில் இல்லாத செலவைப் பார்த்துவிட வேண்டும். கப்பல் மெல்பர்ன் ஊருக்குள் வராது. ஹாப்சன்ஸ் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சரக்குப் படகில் யாரா ஆற்றின் வழியாகக் கொண்டுவந்து, துறையில் இறக்கி, மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ சேற்றுத் தெருக்களில் இழுத்துப் போக வேண்டும். லண்டனிலிருந்து மெல்பர்ன்வரை கொடுத்த கப்பல் கூலிக்கு நிகராக இந்தக் கடைசிச் சில மைல்களுக்கும் கொடுக்க நேர்ந்தது என்று அன்று வந்தவர்கள் பலர் குறைபட்டுக்கொண்டார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒரு துண்டை எத்தனை பேர் தூக்க முடியும்? கோர்ப்பதற்கு என்ன கருவி வேண்டும்? தச்சர் இல்லாமல் முடியுமா? நிலம் சொந்தமாகக் கிடைக்காமல் வாடகை மனையில் நிறுத்தினால், ஒரு வருடம் கழித்துப் பிரித்து வேறிடம் கொண்டுபோக வருமா?

கித்தானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, லேசு, ஒருவர் தோளில் சுமந்து போகலாம். தங்க வயலுக்கே நேராகப் போகும் தனி ஆளுக்கு இதைவிட்டால் வேறு எதுவும் பொருந்தாது, ஏனென்றால் இன்று தோண்டும் குழியை அடுத்த மாதம் கைவிட்டு நகர வேண்டியிருக்கும். ஊரிலேயே தங்க நினைக்கும் குடும்பத்துக்கு நிலைமை வேறு. ஆற்றின் தென்கரையில், இன்றைய தெற்கு மெல்பர்ன் பக்கத்தில், 1852 இறுதியில் எழுந்த கித்தான் நகரில் ஆயிரக்கணக்கானோர் கூடாரத்தில் கிடந்தார்கள். வெறுந்தரையில் கூடாரம் அடித்ததற்கே வாரம் 5 ஷில்லிங் அரசுக்குக் கட்டினார்கள். ஈரத் தரை, கழிவுநீர், காய்ச்சல் என்று அங்கே பட்டபாட்டுக்கு அளவில்லை. 1854இல் அந்த இடமே கலைக்கப்பட்டது. ஆளுநர் பிலிப்பின் கித்தான் வீடும் காற்றுக்கும் மழைக்கும் தாங்கவில்லை. அவருக்கே அந்தக் கதி என்றால், கைக்குழந்தையோடு வருகிறவருக்கு நான் கூடாரத்தைச் சொல்ல மாட்டேன்.

பலகை வீட்டுக்கு வருவோம். 1830ஆம் ஆண்டை ஒட்டி, லண்டன் ஹை ஹோல்பர்னில் தச்சு வேலையும் கட்டட வேலையும் எடுத்துச் செய்துவந்த ஹென்றி மானிங் என்பவரின் மகன் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்துக்குப் புறப்பட்டார். மகனுக்காகத் தந்தை ஒரு வீடு வடிவமைத்தார். கடல் கடந்து போகும் பிள்ளை தச்சு தெரியாத இடத்தில் தனியாக நின்று கோர்க்க வேண்டும் என்ற கவலை அந்த வடிவமைப்பின் ஒவ்வொரு மூட்டிலும் தெரிகிறது.

அதைக் கோர்க்கும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். தரையில் முதலில் அடிச்சட்டங்களைக் கிடத்தி ஒன்றோடொன்று பூட்ட வேண்டும். அதன்மேல் சம இடைவெளியில் தூண்கள் நிற்கும். ஒவ்வொரு தூணின் பக்கங்களிலும் நெடுக்காகக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்திருக்கும். தூணை அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய பிறகு, இரண்டு தூண்களுக்கு நடுவே பலகைத் தட்டியை அந்தக் காடிக்குள் செருக வேண்டியதுதான். மேலே மேற்சட்டம், அதன்மேல் கூரைச் சட்டங்கள். தட்டிகள் எல்லாம் ஒரே அளவு, தூண்கள் எல்லாம் ஒரே அளவு. எனவே எந்தத் தட்டியும் எந்த இடத்திலும் பொருந்தும். கதவு வைத்த தட்டியைத் தெருப்பக்கம் போடலாம், வேண்டாமென்றால் கழற்றிப் பின்பக்கம் போடலாம். அந்த இடத்தில் துளையிட வேண்டியதில்லை, கழுந்து செதுக்க வேண்டியதில்லை, ரம்பமும் உளியும் தேவையில்லை. கட்டிலின் திருகை முடுக்கத் தெரிந்தவர் இந்த வீட்டையும் நிறுத்திவிடலாம் என்பதுதான் மானிங் சொன்னதன் சாரம். எந்தத் துண்டும் ஓர் ஆளோ வளர்ந்த சிறுவனோ தூக்கிக்கொண்டு சில மைல் நடக்க முடியாத எடையில் இருக்கக் கூடாது என்பதும் அவருடைய கணக்கு. துறைமுகத்தில் வண்டிக்காரர் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் குடும்பமே சுமந்து போகலாம். அன்றைய மெல்பர்ன் நிலைமையில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

ஒரே அளவுக்கு வெட்டிய, மாற்றிப் போடக்கூடிய துண்டுகளால் முழு வீட்டையும் சிந்தித்த இந்தச் செயலைத்தான் முன்தயாரிப்பு வரலாற்றின் உண்மையான திருப்பம் என்று நான் கருதுகிறேன். பொருள் பழைய மரமே, சிந்தனைதான் புதிது.

அது வெறும் விளம்பரப் பேச்சாக நின்றுவிடவும் இல்லை. 1840இல் அடிலெய்டில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு மானிங் ஒரு தொழுகைக் கூடம் செய்து அனுப்பினார். 69 பொதிகளில் வந்து சேர்ந்த அந்தக் கட்டடம் வடக்கு அடிலெய்டில் இன்றும் நிற்கிறது. மெல்பர்னிலோ, 1839இல் நிர்வாகியாக வந்த சார்லஸ் லா ட்ரோப் லண்டனில் செய்த சிறிய மரவீட்டைக் கொண்டுவந்து ஜொலிமாண்டில் நிறுத்தினார். அதுவும் மானிங் செய்ததே என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. விக்டோரியா தனியாகப் பிரிந்து, அவர் துணை ஆளுநராக உயர்ந்து, தங்க வேட்டை ஊரையே புரட்டிப்போட்ட காலத்திலும் 1854இல் ஊர் திரும்பும்வரை அவர் அந்த வீட்டைத்தான் விரிவாக்கி வாழ்ந்தார். நல்ல கல் மாளிகை கேட்டு வாங்கக்கூடிய பதவி அவருடையது.

குறை இல்லாமல் இல்லை. மரத் தட்டிகள் கப்பலில் இடத்தை அடைக்கும், இலேசான சரக்குக்குக் கப்பல்காரர்கள் கன அளவில் கூலி கேட்பார்கள். பூமத்திய ரேகையைத் தாண்டி மூன்று நான்கு மாதம் கப்பல் அறையில் கிடக்கும் மரம் உலர்ந்து நெளிந்துவிட்டால் காடியில் தட்டி இறங்காது. நன்றாகப் பதப்படுத்தாத மரத்தில் அவசரமாகச் செய்து தள்ளியவர்களிடம் வாங்கியவர்களுக்குப் பிளவுகளின் வழியே காற்றும் தூசியும்தான் மிச்சம். எனவே மானிங்கைப் போலப் பழகிய கையிடம் வாங்க வேண்டும், கப்பலேற்றும் முன் ஒருமுறை அங்கேயே கோர்த்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

இனி இரும்பு. லண்டன் துறைமுக நிறுவனத்தின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829இல் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய சமதகட்டை இரு முனையில் தாங்கினால் நடுவில் தொய்யும். அதையே அலை அலையாக நெளித்துவிட்டால், எடை கூடாமலே விறைப்பு பலமடங்கு ஏறிவிடும். கீழே நெருக்கமாகக் கைமரங்கள் வைக்க வேண்டாம், தகடே தன்னைத் தாங்கிக்கொள்ளும். துருதான் அதற்கு எதிரி. 1837இல் பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சொரேல் உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு அந்தக் கவலையும் பெருமளவு குறைந்தது. கப்பலுக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடையாது. நெளிதகடுகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்து அடுக்காக உட்கார்ந்துகொள்ளும். கூலி கணக்கில் மரம் இதனிடம் தோற்றுத்தான் போகிறது.

1849இல் கலிபோர்னியத் தங்க வேட்டையின்போது நியூயார்க்கின் பீட்டர் நெய்லர் இந்தச் சந்தையைப் பிடித்தார். 20 அடிக்கு 15 அடி வீட்டை ஒரு நாளுக்குள் எழுப்பிவிடலாம் என்றது அவர் விளம்பரம். இங்கிலாந்தில் மான்செஸ்டரின் பெல்ஹவுஸ், பிரிஸ்டலின் சாமுவேல் ஹெம்மிங் முதலியோர் இறங்கினார்கள். ஹெம்மிங்கும் ஆஸ்திரேலியா போகும் தம் மகனுக்காகத்தான் முதல் வீட்டைச் செய்தார். 1851இன் லண்டன் பெருங்கண்காட்சியில் பெல்ஹவுஸின் படைப்புகளைப் பார்த்த இளவரசர் ஆல்பர்ட், பால்மோரல் மாளிகைக்கு ஒரு நெளிதகட்டு நடனக் கூடத்துக்கே ஆணை கொடுத்தார். அரண்மனையே வாங்கிய பிறகு பெயருக்கு என்ன குறை? மெல்பர்னில் 1855இல் ஜார்ஜ் காப்பின் எழுப்பிய ஒலிம்பிக் நாடக அரங்கமும் பெல்ஹவுஸ் வார்த்து அனுப்பிய இரும்புதான். ஏறத்தாழ ஆறு வாரத்தில் எழுந்து நின்றது. ஊரார் அதற்கு இரும்புச் சட்டி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பட்டப்பெயருக்குள்ளேயே என் முதல் ஆட்சேபம் இருக்கிறது. 1851 பிப்ரவரி 6ஆம் தேதி, கருப்பு வியாழன் என்று அழைக்கப்படும் காட்டுத்தீ நாளில், மெல்பர்னில் வெப்பம் 47 டிகிரி செல்சியஸை எட்டியது. தகரக் கொட்டகைக்குள் சித்திரை மாத நண்பகலில் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் அந்த நாளில் மெல்லிய இரும்புச் சுவருக்குள் இருந்தவர் நிலையை விளக்க வேண்டியதில்லை. மெல்பர்னின் குளிர்காலம் வேறு வகையில் வதைக்கும். இரவில் உள்ளே இருப்பவரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து படுக்கைமேல் சொட்டும். விற்றவர்களுக்கும் இது தெரியும், ஆகவே உட்பக்கம் பலகையோ கித்தானோ அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படி அடிக்கத் தச்சர் வேண்டும், பலகை வேண்டும். எதிலிருந்து தப்ப இரும்பு வாங்கினோமோ அதற்கே திரும்பி வருகிறோம். தெற்கு மெல்பர்னின் காவன்ட்ரி தெரு 399ஆம் எண்ணில் தேசிய அறக்கட்டளை காத்துவரும் இரும்பு வீட்டில் கூரைக்குக் கீழேயே படுக்கை அறைகள் இருக்கின்றன. கோடையில் அங்கே படுத்தவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் 1850களில் நிறுத்திய வீடு இருந்த இடத்திலேயே நூறு ஆண்டு குடியிருப்பாக உழைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உறுதியில் இரும்பை யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் தீ. எரியாது என்பதுதான் இரும்பு விற்றவர்களின் பெரிய வாக்குறுதி. 1851 மே 3, 4 தேதிகளில் சான் பிரான்சிஸ்கோவின் பெரும்பகுதி எரிந்தபோது இரும்புக் கட்டடங்களை நம்பி உள்ளே கதவடைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். சூட்டில் இரும்புக் கதவுகளும் ஜன்னல் மூடிகளும் விரிந்து இறுகிக்கொண்டன. திறக்க முடியாமல் உள்ளேயே சிலர் மாண்டார்கள். மரம் எரியும்தான், மறுக்கவில்லை. ஆனால் மரவீட்டில் இருப்பவர் அதை நம்பி உள்ளே உட்கார மாட்டார், ஓடிவிடுவார். தனியாக, இடைவெளி விட்டு நிற்கும் கிடங்குக்கு இரும்பு பாதுகாப்பு. நெருக்கமான தெருவில் குழந்தைகள் தூங்கும் அறைக்கு அந்த வாக்குறுதியை நம்பக் கூடாது.

என் பக்கத்துக்கு ஒரு வலுவான சாட்சி உண்டு. 1855இல் கிரிமியப் போரில் ஸ்குட்டாரி மருத்துவமனையில் வீரர்கள் சாவது பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, பிரித்து அனுப்பக்கூடிய மருத்துவமனை ஒன்றை வடிவமைக்கும்படி பிரிட்டிஷ் போர்த்துறை பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனலைக் கேட்டது. இரும்புக் கப்பலும் இரும்புப் பாலமும் கட்டியவர். இரும்பின் இயல்பு அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று மிகச் சிலர். நோயாளிகள் படுக்கும் கூடங்களுக்கு அவர் எடுத்தது மரம். இரும்பைத் தீ அபாயமுள்ள சமையலறை, சலவை அறைகளுக்குத் தனியாக வைத்தார். வெயிலைத் திருப்பிவிடக் கூடங்களின்மேல் மிக மெல்லிய, மினுக்கிய வெள்ளீயத் தகடு போர்த்தினார். ஒவ்வொரு கூடமும் சுமார் 50 பேருக்கு, காற்றோட்டக் கருவியும் கழிப்பிடமும் உட்பட எல்லாம் அதனதன் உள்ளேயே. குளோஸ்டரில் வில்லியம் ஈசி செய்து அனுப்பிய அந்தக் கூடங்கள் துருக்கியின் டார்டனல்ஸ் நீரிணைக் கரையில் ரென்கியோயில் எழுந்தன. 1855 மே மாதம் வேலை தொடங்கி ஜூலையில் 300 நோயாளிகளுக்கு இடம் தயாராகிவிட்டது. சுமார் 1,300 பேருக்கு அங்கே சிகிச்சை நடந்தது, இறந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர். மனிதர் படுக்கும் இடத்துக்கு மரம், நெருப்பு எரியும் இடத்துக்கு இரும்பு என்று அவர் போட்ட கோட்டைத்தான் நானும் மெல்பர்னுக்குப் போடுகிறேன்.

நான்காவது வழியான சிங்கப்பூர் வீட்டை ஐரோப்பிய வரலாறுகள் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகின்றன. அது நியாயமில்லை. சிங்கப்பூர் மெல்பர்னுக்கு லண்டனைவிட மிக அருகில் இருந்தது. மலாயாக் காட்டு மரம் தாராளமாகக் கிடைத்தது, தேர்ந்த சீனத் தச்சர்கள் இருந்தார்கள். அவர்கள் சட்டங்களை வெட்டிப் பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று ஒவ்வொன்றிலும் சீன எழுத்தில் குறியிட்டுப் பிரித்து அனுப்பினார்கள். மெல்பர்னின் காலிங்வுட் பகுதியில் சாக்வில் தெருவில் எஞ்சியுள்ள வீட்டின் மரங்களில் அந்தக் குறிகளை இன்றும் காணலாம். வேலைத்தரத்தில் இதை லண்டன் வீட்டுக்குக் கீழே வைக்க மாட்டேன். சிக்கல் வாங்குகிறவர் பக்கத்தில் இருக்கிறது. லண்டனில் நிற்பவர் இதைப் பார்த்து வாங்க முடியாது. மானிங்கின் தட்டிகளைப் போல எந்தத் துண்டும் எந்த இடத்துக்கும் போகும் அமைப்பும் இதில் இல்லை. குறியைப் படிக்கத் தெரிந்த கையோ, பொறுமையாகப் பொருத்திப் பார்க்கும் தச்சரோ வேண்டும். ஏற்கெனவே மெல்பர்னில் கால் ஊன்றியவர், கூடாரத்திலோ வாடகை அறையிலோ சில மாதம் காத்திருக்க முடிந்தவர் வணிகரிடம் சொல்லி வரவழைக்கலாம். அவருக்கு இது முதல் தேர்வாகவே இருக்கலாம்.

லாபத்துக்கு விற்கலாம் என்று இரண்டு மூன்று வீடாக வாங்கிப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. வேண்டாம். எல்லோரும் அதையே நினைத்ததால் 1854வாக்கில் மெல்பர்ன் சந்தையில் சரக்குகள் மலிந்து விலை சரிந்தது. மெல்பர்னுக்குத் தென்மேற்கே உள்ள ஜீலாங் துறையில், சார்லஸ் யங் நிறுவனம் ஸ்காட்லாந்தில் வார்த்து அனுப்பிய அலங்கார வார்ப்பிரும்பு வீடு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. ஆல்ஃப்ரட் டக்ளஸ் என்பவர் அதை வாங்கி 1856இல் எழுப்பிக்கொண்டார். காரியோ வில்லா என்ற பெயரில் அழகாக இன்றும் நிற்கும் அந்த வீடு, அனுப்பியவருக்கு எந்தப் பலனும் தரவில்லை.

ஆகவே தங்க வயலுக்குப் போகும் தனி ஆளுக்குக் கூடாரம், வணிகருக்கு நெளிதகட்டுக் கிடங்கு, மனைவி மக்களோடு போகிறவருக்குப் பலகைத் தட்டி வீடு. இந்த மூன்றாமவருக்கு ஒன்று கூடுதலாகச் சொல்வேன். கூரையை மட்டும் மரத்தில் வாங்காதீர்கள், துத்தநாகம் பூசிய நெளிதகட்டை ஒரு கட்டு தனியாக வாங்கிப் போங்கள். அறைக்கும் தகட்டுக்கும் நடுவே பலகைத் தளம் இருந்தால் சூடு அவ்வளவாக இறங்காது. தகடு மழைநீரைச் சுத்தமாக வழித்துக் கொடுக்கும். யான் யீன் நீர்த்தேக்கத்திலிருந்து மெல்பர்னுக்குக் குழாய் நீர் 1857 முடிவில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன் யாரா ஆற்றுத் தண்ணீரை வண்டிக்காரர்களிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும், அந்த ஆற்றிலோ ஊரின் கழிவெல்லாம் கலந்துகொண்டிருந்தது. தகட்டோடு ஒரு தாழ்வாரத் தூம்பும் நல்ல பீப்பாய் ஒன்றும் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் வீட்டுக்குக் குடிநீருக்கும் வழி கிடைத்துவிடும்.